சமயமும் அரசியலும் சந்திக்கும் முற்றம்

(பழைய மாணவர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் நிற்பது ஒருவர்தான். பேசுவது ஒரு வகுப்பு. 1995 இடப்பெயர்வின்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வகுப்பு நாங்கள். இப்போது எங்களில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும், மிச்சப்பேர் இங்கே. இந்த உரையை மூன்று கிழமையாக வட்ஸ்அப்பில் எழுதினோம், திருத்தினோம். இடையில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், பிறகு திரும்பி வந்தார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் முதலில் கேட்டது சலரோகம் பற்றிய உரை. வைத்தியர் பேசுகிறா என்றால் சனம் சீனியைப் பற்றித்தான் கேட்கும் என்றார்கள். சலரோகம் எங்களை விட்டு எங்கும் ஓடிவிடாது, அதை அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுவோம் என்று சொல்லி இந்தத் தலைப்பை வாங்கினோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமயம் நிறைய இருந்தது. காலைப் பிரார்த்தனை, வெள்ளிக்கிழமைப் பூசை, நவராத்திரிக்குக் கடலை, மார்கழியில் ஒளிவிழா. அரசியலோ கேற்றுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்தை நினைத்தால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆசிரியர்மார் வாயை மூடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அரசியல் கேற்றில் நின்று அனுமதி கேட்டு வருவதில்லை. எங்கள் வகுப்புக்குள் அது வந்த நாள் எங்களுக்கு நல்ல ஞாபகம்.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அதே மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் அப்போது ஆறாம் வகுப்பு. குண்டுவீச்சால் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்காத காலம். சில நாட்களின்பின் பள்ளிக்கூடம் கூடியபோது எங்கள் வகுப்பில் மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. எங்கள் வகுப்பாசிரியை நெற்றி நிறைய விபூதி பூசுபவர், கந்தசட்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பவர். இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டு வந்தா. முதலாவது பெயர் வந்தது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்தா. பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட்டா. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டா. தவணை முடியும்வரை மூன்று பெயரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தா. பெயரை வெட்டச் சொல்லி யாரும் கேட்டார்களா, அதற்கு ரீச்சர் என்ன சொன்னா என்பதெல்லாம் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்று யோசித்தால், அந்த நாட்களில் எங்கள் ஊரில் நடந்த மிகத் துணிச்சலான அரசியல் பேச்சுகளில் அதுவும் ஒன்றென்றுதான் படுகிறது. அதைச் செய்ய அவவுக்குத் தைரியம் கொடுத்தது எது என்று கேட்டால், அவவின் சைவம் என்றுதான் சொல்லுவா.

சமயமும் அரசியலும் சேர்ந்தால் கலவரம்தான் மிஞ்சும் என்று எங்கள் பிள்ளைகள் இன்று நினைக்கிறார்கள். இந்த நாட்டில் பிறந்தவர்கள் அப்படி நினைப்பதில் பிழை சொல்ல முடியாது. புத்தர் சிலை காணி பிடிக்கிற கருவியாவதைத் தையிட்டிவரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் யாழ்ப்பாணத்தின் கதையை ஒருக்கால் திருப்பிப் பார்த்தால், இந்த இரண்டும் சேர்ந்து நன்மை செய்த இடங்களும் இருக்கின்றன. சேர்ந்து தடுக்கி விழுந்த இடங்களும் இருக்கின்றன. சில வேளைகளில் ஒரே மனிதரிடத்தில் இரண்டும் இருக்கின்றன.

1822ஆம் ஆண்டில் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்காவின் மசசூசெற்சில் பிறந்த வைத்தியர் சாமுவேல் கிறீன். கிறீன் 1847இல் இங்கே வந்து, பின்னர் மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார். அவருடைய நோக்கம் மதம் பரப்புவது. அதில் ஒளிவுமறைவு இல்லை. நாவலருடைய நோக்கம் அந்த மதம் பரவாமல் தடுப்பது. ஒருவர் கட்டியதை மற்றவர் எதிர்த்தார். இரண்டு பேரும் செய்ததில் மிஞ்சியது பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் ஆசுப்பத்திரியும் தமிழ் உரைநடையும். வைத்தியத் துறைக்குப் போன நாங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு நோயாளியிடம் தமிழில் விளக்கத் திணறும்போது கிறீனை நினைத்துக்கொள்வோம்.

நாங்கள் சொல்ல வந்தது 1877. மழை பொய்த்து, அரிசி விலை ஏறி, பின்னால் வாந்திபேதியும் வந்த ஆண்டு. நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித் தொட்டி வைத்தார். வீடு வீடாகப் பணமும் அரிசியும் சேர்த்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். இதுவரை இது சமயம் சொன்ன தருமம். எந்தச் சமயப் பெரியவரும் செய்யக்கூடியது. நாவலர் அதோடு நிற்கவில்லை. சனம் ஏன் பசியில் கிடக்கிறது, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்டார். அரசாங்க அதிபராக இருந்த துவைனந்துரையின் நிருவாகத்தைக் கூட்டத்திலும் எழுத்திலும் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தக் காலத்தில் ஏஜண்டுத் துரையைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது சின்ன விடயமல்ல. 1879இல் சேர் முத்துக்குமாரசுவாமி காலமாகி, சட்டநிரூபண சபையில் தமிழர் ஆசனம் வெற்றிடமானபோது பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவு திரட்டிக் கூட்டம் நடத்தினார். அந்த ஆண்டு மார்கழியிலேயே நாவலர் காலமானார்.

வைத்தியர்களுக்கு இந்தப் படி நன்றாக விளங்கும். வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைக்குச் சேலைன் ஏற்றுவது ஒன்று. ஒரே ஒழுங்கையிலிருந்து மூன்றாவது பிள்ளையும் வந்தால் கிணற்றைப் போய்ப் பார்ப்பது இன்னொன்று. கிணற்றுக்குப் பக்கத்தில் யாருடைய மலக்குழி இருக்கிறது, அதை ஏன் பிரதேச சபை அனுமதித்தது என்று கேட்கத் தொடங்கினால் அது அரசியல். கஞ்சி ஊற்றியவர் ஏஜண்டுத் துரையிடம் போனது கிணற்றடிக்குப் போனது மாதிரி.

ஆனால் நாவலர் பார்க்காத கிணறும் ஒன்று இருந்தது. சாதி. அதைச் சைவத்தின் பெயரால் அவர் காத்தார் என்பதை அவர்மேல் பெருமதிப்பு வைத்திருப்பவர்களும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் ஆதரித்த இராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் மருதனாமடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டினார். பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் தொடங்கியது அந்த வளவில்தான். இவ்வளவும் சமயப் பற்றினால் செய்தார். அதே மனிதர் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் வாக்குரிமை வேண்டாம் என்று நின்றார். பெண் பிள்ளை படிக்கலாம், வாக்குப் போடக் கூடாது! எங்கள் வட்ஸ்அப் சண்டை தொடங்கியது இந்த இடத்தில்தான். அவர் கட்டிய கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவரின் மகள் எங்கள் வகுப்பில் இருக்கிறா. அவ சொன்னது: "எங்கட அம்மாவுக்குச் சம்பளமும் மரியாதையும் குடுத்த இடம் அது, யோசிச்சு எழுதுங்கோ." யோசித்துத்தான் எழுதியிருக்கிறோம். இரண்டும் உண்மை.

அதே ஆணைக்குழுவின் முன் பெண்களுக்காகப் பேசியவர்களுள் ஒரு வைத்தியர் இருந்தார். மேரி றட்ணம், கனடாவில் பிறந்தவர். 1896இல் மிசன் வைத்தியராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, மிசனை விட்டு விலகிக் கொழும்பில் வைத்தியம் செய்தவர். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிரசவ அறையில் கண்டதை அரசியல் மேடைக்குக் கொண்டுபோனவர் அவர். 1931இல் இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது.

வந்தும் எங்கள் பூட்டிமாருக்கு அந்த ஆண்டு வாக்குப் போடக் கிடைக்கவில்லை. காரணம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். எங்கள் சங்கத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கியது. பூரண சுயராச்சியம் தராத அரசியல் திட்டம் வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அது சரியா பிழையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. நாங்கள் அந்த வாதத்துக்குள் போகவில்லை. பெண்களின் முதல் வாக்கை ஆண்கள் கூடித் தியாகம் செய்துவிட்டார்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

ஆனால் வாலிபர் காங்கிரசிடம் எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. அதன் தலைவர் ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். அவரோடு நின்றவர்களில் சைவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1927 கார்த்திகையில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று நின்றார்கள். இது இன்று கேட்கச் சின்ன விடயம். அன்று சில பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள். வாங்கில் இருக்கவிட்டதற்காகச் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். காந்தி பக்தி, சைவ பக்தி, கிறிஸ்தவ பக்தி எல்லாம் அந்த வாங்கில்தான் சோதிக்கப்பட்டன. பின்னாளில் அதே பேரின்பநாயகத்தைக் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக ஏற்றுக்கொண்டது. ஒரு கிறிஸ்தவர் பத்து வருடத்துக்கு மேல் ஓர் இந்துக் கல்லூரியை நடத்தினார்.

1968இல் மாவிட்டபுரம். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிட வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். சாதியை எதிர்த்துப் போராடியவர்களுக்குப் பின்னால் நின்று ஒழுங்குசெய்தவர்களில் பலர் இடதுசாரிகள், கோயில் கும்பிடாதவர்கள். முருகனைக் காட்டிச் சனத்தை மறித்தவர் படித்த சைவர். முருகனிடம் போக வழிவிடு என்றவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் நாத்திகர். இதைப் பத்தாம் வகுப்பில் ஒருவரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. மாவிட்டபுரத்துக்குத் தேர் பார்க்கப் போனோம். வாசலில் என்ன நடந்தது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

சைவம் கோயில் வாசலுக்கு வெளியே போய்ப் பொதுநன்மை செய்ததற்கும் பக்கத்து ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத் தலைவியாக இருந்த சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் ஓர் ஆசிரியை. கோயிலுக்கு வந்த காசைக் கோபுரத்தில் மட்டும் போடாமல் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டினார். ஆண்கள் இருந்து பழகிய தர்மகர்த்தாக் கதிரையில் ஒரு பெண் இருந்தால் வரவு செலவு எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் அந்தக் கோயிலைப் பார்க்கலாம். 2008இல் அவர் காலமாகும்போது அந்த இல்லத்துப் பிள்ளைகளில் சிலர் ஏற்கனவே எங்களைப் போல உத்தியோகத்தில் இருந்தார்கள்.

போர்க்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தங்கள் தங்கள் கதை இருக்கிறது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே இருந்தவர்களை யாரும் சமயம் கேட்டு உள்ளே விட்டிருக்கவில்லை. 2006 ஆவணியில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் ஷெல் விழுந்தபின் காயப்பட்டவர்களை வெளியே எடுக்க ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிரவுண் சில நாட்களில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நெடுந்தீவில் பிறந்து மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 தையில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்த மக்கள் 4,29,059 பேர். 2009 யூலை 10வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? முதல் தொகை கச்சேரிக் கணக்கு. அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிபரம். அவர் யாரையும் திட்டவில்லை. ஒரு கழித்தலைச் செய்துவிட்டு விடை கேட்டார். அந்தக் கணக்கோடு வாதாடியவர்கள் உண்டு. வாதாட வேண்டுமென்றால் அவர்கள் வேறு இடாப்பைக் கொண்டுவர வேண்டும். அதைத்தான் ஆண்டகையும் கேட்டார். "ஆயர் ஏன் அரசியல் கதைக்கிறார்" என்று கேட்டவர்கள் எங்கள் ஆட்களிலும் இருந்தார்கள். 2021 ஏப்ரல் 1இல் அவர் காலமானபோது எல்லாச் சமயத்தவரும் வந்து நின்றார்கள்.

இனி எங்கள் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம்.

2020இல் கொவிட் வந்தது. மார்ச் முடிவில் முதலாவது முஸ்லிம் நோயாளி இறந்தார், உடலை எரித்தார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ மார்ச்சிலேயே புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று சொல்லியிருந்தது. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும் என்பது உயர்தர உயிரியல் படித்த பிள்ளைக்கும் தெரியும். நிலத்தடி நீரைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் வாழ்கிறோம். எங்கள் கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்றும் மலக்குழியால் வந்த கிருமியும் இருப்பது வருடக்கணக்காகத் தெரியும். அதற்கு ஒரு வர்த்தமானியும் வரவில்லை.

எங்களில் வைத்தியராக இருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் இது பிழை என்று தெரிந்தது. எட்டுப் பேரும் பேசாமல் இருந்தோம். அரச ஊழியர் ஊடகத்துக்குக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதி இருந்தது. அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. வேலை தலைக்கு மேல் இருந்தது என்பதும் உண்மை.

அந்த ஆண்டு கடைசியில் ஓர் இரவு எங்களில் ஒருத்திக்குத் தொலைபேசி வந்தது. 1990இல் எழும்பிப் போன மூன்று கதிரைகளில் ஒன்றில் இருந்தவ. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே ஆசிரியையாக இருக்கிறா. முப்பது வருடத்தில் நாலைந்து தடவைதான் கதைத்திருப்போம். அவவின் வாப்பா கொவிட்டால் இறந்துவிட்டார், எரிக்கப் போகிறார்கள். அழவில்லை. "நீ டொக்டர்தானே. சொல்லு, மண்ணில அடக்கினா வைரஸ் தண்ணிக்குள்ள வருமா?" என்று கேட்டா.

"வராது."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

எங்களவவிடம் பதில் இருக்கவில்லை. 1990இலும் இதே கேள்விதான். சோனகர் தெருவிலிருந்து சனம் இரண்டு மணித்தியாலத்தில் போனபோது, யாழ்ப்பாணத்தில் கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நிறைய இருந்தன. பயம் இருந்தது, துவக்கு இருந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. 2020இல் எங்கள் தலைக்கு நேரே துவக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மார்கழியில் பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளை மயான வேலியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியதை இரவோடு இரவாக அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். புது வருடம் பிறக்கும்போது சமுதாய வைத்திய நிபுணர்களும் இலங்கை மருத்துவ சங்கமும் புதைக்கலாம் என்று எழுத்தில் சொன்னார்கள். தாமதம்தான். சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் நடை தொடங்கியது. நீதிமன்றத் தடையுத்தரவுகளைத் தாண்டி ஐந்து நாள். 7ஆம் திகதி வடமராட்சிப் பொலிகண்டியில் முடிந்தது. காணி பறிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்ற எங்கள் கோரிக்கைகளோடு இன்னும் இரண்டு இருந்தன: முஸ்லிம் மக்களின் உடல்களை எரிக்காதே, மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூபா கொடு. சைவ சுவாமிமாரும் குருவானவர்களும் கிழக்கின் முஸ்லிம் மக்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒரே றோட்டில் நடந்தார்கள். முன்னால் யார் நிற்பது என்ற போட்டி அரசியல்வாதிகளிடம் வழக்கம்போல இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காவி உடுத்தவர் ஒருவர் மையத்தை மண்ணில் அடக்கும் உரிமைக்காக நடப்பதை, எரித்தால்தான் ஆன்மா கடைத்தேறும் என்று வளர்ந்த சனம் றோட்டில் நின்று வரவேற்பதை, எங்கள் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டோம். எங்களில் இருவர் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குள் சேர்ந்து நடந்தார்கள். முகக்கவசம் போட்டிருந்தது அடையாளம் தெரியாமலிருக்கவும் உதவியது என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த மாதம் 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. நடையால்தான் மாறியது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு அழுத்தம் இருந்தது. பாகிஸ்தான் பிரதமர் அதே கிழமைதான் வந்துபோனார். மார்ச் தொடக்கத்தில் புதைக்கும் இடமாக இரணைதீவை அறிவித்தார்கள். அந்தத் தீவின் கத்தோலிக்க மக்கள் எதிர்த்தார்கள். 2018இல்தான் போராடித் தங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர்கள் அவர்கள். கேட்காமல் கொள்ளாமல் தங்கள் தீவை எடுத்தால் பயப்படத்தான் செய்வார்கள். இரண்டு சின்ன இனங்களை ஒன்றோடொன்று முட்டவிடுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். கடைசியில் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது. அங்கே 3,600 பேருக்கு மேல் அடக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். 2024 யூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். அதில் ஒருவர் எங்கள் தோழியின் வாப்பா.

இந்த உரையை அவவுக்கு வாசித்துக் காட்டித்தான் அனுமதி வாங்கினோம். இரண்டு இடத்தில் திருத்தினா. "நாங்கள் போனோம்" என்று எழுதியிருந்ததை "எங்களை அனுப்பினார்கள்" என்று மாற்றச் சொன்னா. மற்றது சின்னத் திருத்தம், ரீச்சரின் சேலை நிறம். அதை நாங்கள் எடுத்தே விட்டோம், ஆளுக்கொரு நிறம் சொன்னபடியால்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். எங்கள் அங்கத்துவப் படிவத்தில் "பாடசாலை விலகற் பத்திர இலக்கம்" என்று ஒரு கோடு இருக்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட பிள்ளைகளிடம் அந்தப் பத்திரம் இல்லை. 1995இலும் அதற்குப் பிறகும் சிதறிப்போன பலரிடமும் இல்லை. அதனால் நூறு வருடத்துப் பழைய மாணவர் பட்டியலில் அவர்களின் பெயர் இல்லை. அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, வகுப்பில் கூடப் படித்த இருவர் ஒப்பமிட்டால் போதும் என்று மாற்ற வேண்டும் என்று இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவருகிறோம். அதிபர் அம்மா பழைய இடாப்புகள் அலுமாரியில் இருக்கின்றனவா என்று தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. 1990ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு இடாப்பு கிடைத்தால் பெயர்களைச் சரிபார்க்க நாங்கள் இரண்டு பேர் தேநீர் இடைவேளையில் அலுவலகத்தில் இருப்போம். புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உங்கள் வகுப்புத் தோழிகள் யாருடைய தொடர்பாவது இருந்தால் அங்கே வந்து எழுதித் தாருங்கள்.